ரெவிட்டில் ரூம் டேக்கில் தரைமட்டத்தையும் காட்டுவது எப்படி?

சாட்ஸ்வொர்த்_கோடு

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயிலும் அதை ஒட்டிய கல்யாண மண்டபமும் ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளில் வரைந்துகொண்டிருக்கிறேன். இந்தப் பக்கத்து நிலம் எப்படி என்று டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மனைக்குள் மேடும் பள்ளமும்தான். அதனால் ஒரே தளம் என்று பெயர், தரைமட்டம் மட்டும் அறைக்கு அறை மாறுகிறது, மீட்டரில் இப்படி. மண்டபம் 0.000. கால் கழுவும் இடம் −0.255. கழிப்பறைகள் −0.020. கருவறை +0.510. மண்டபத்து மேடை +0.680. கீழே கார் நிறுத்துமிடம் −2.890.

ரூம் டேக்கில், அதாவது பிளானில் அறைமேல் நிற்கிற சீட்டில், பெயர், எண், பரப்பு மூன்றும் வந்துவிட்டன. நாலாவது வரியாக முடிந்த தரைமட்டம், அதாவது எஃப்எஃப்எல், வர வேண்டும். டேக் ஃபேமிலியை, அதாவது டேக்கின் அச்சுக் கோப்பைத் திறந்து லேபிளில் தேடினால் எலிவேஷன் என்று ஒன்றுமே கிடைக்கவில்லை. ரூம் ஷெட்யூலிலும், அதாவது அறைப் பட்டியலிலும், லெவலின் (தளத்தின்) பெயர் வருகிறது, உயரம் வரவில்லை. கையால் தட்டிவிடலாம்தான். ஆனால் கோயில் கமிட்டி வாரத்துக்கு ஒரு முறை மேடையை உயர்த்துவதும் இறக்குவதுமாக இருக்கிறது. டிசம்பர் நடுவில் கட்டட வேலையெல்லாம் நின்றுவிடும், அதற்கு முன்னால் வரைபடம் போயாக வேண்டும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டக்கோல்

தம்பி, காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெவிட்டில் ரூம் என்பது ஒரு லெவலில் உட்கார்ந்திருக்கிற பொருள். தனக்குக் கீழே எந்த புளோர் இருக்கிறது, அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எலிவேஷன் என்பது லெவலின் குணம், ரூமின் குணம் இல்லை. டேக் தான் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருளின் குணங்களைத்தான் காட்டும். அதனால்தான் லேபிளில் கிடைக்கவில்லை.

அதை விட்டுவிட்டு ஸ்பாட் எலிவேஷன் போடுங்கள். அன்னொடேட் தாவலில் இருக்கிறது. புளோரின் மேல் சொடுக்கினால் உண்மையான உயரத்தை அதுவே படிக்கும். லீடர் கோட்டை எடுத்துவிடுங்கள், குறியீட்டையும் எடுத்துவிடுங்கள், முன்னால் எஃப்எஃப்எல் என்று எழுத்து சேர்த்துக்கொள்ளுங்கள், ரூம் டேக்குக்குக் கீழே நேராக வையுங்கள். பார்ப்பவருக்கு ஒரே சீட்டு மாதிரிதான் தெரியும். வியூ வெறும் கோடுகளாய்க் காட்டும் வயர்ஃபிரேமில் இருந்தால் புளோரின் முகம் பிடிபடாது. ஹிடன் லைனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

செங்கல்85

எண்களைப் பார்த்தாலே நம்ம ஊர்க்காரர் என்று தெரிகிறது. 255, 510, 680, 2890 எல்லாம் 85ஆல் வகுபடும். 73 மி.மீ செங்கல், 12 மி.மீ கலவை. கொத்தனார் டேப்பைக் கூட எடுக்க மாட்டார், வரிசை எண்ணியே மட்டத்தைச் சொல்லிவிடுவார். கழிப்பறை −0.020 மட்டும் ஓடு வேலைக்காரர் கையில்.

மன்னிக்கவும், கேள்விக்குப் பதில் இல்லை இது. தொடருங்கள்.

டைனமோ_மச்சான்

மட்டக்கோல் ஐயா சொன்னது வேலை செய்யும். ஆனால் நாற்பது அறை இருந்தால் நாற்பது தடவை சொடுக்க வேண்டும். புளோரை அழித்து மறுபடி வரைந்தால் அதன் மேல் இருந்த ஸ்பாட் எலிவேஷனும் கூடவே போய்விடும், போனதே தெரியாது. கமிட்டி வாராவாரம் மாற்றுகிறது என்று வேறு சொல்கிறார்.

சரியான வழி ஷேர்டு பாராமீட்டர், அதாவது புராஜெக்ட்டும் டேக் ஃபேமிலியும் பகிர்ந்துகொள்கிற ஒரு குணம். அறை_எஃப்எஃப்எல் என்று ஒன்று உருவாக்குங்கள், வகை லெங்த். ரூம் கேட்டகரிக்கு இன்ஸ்டன்ஸாக, அதாவது ஒவ்வொரு அறைக்கும் தனி மதிப்பாகச் சேருங்கள். வெறும் புராஜெக்ட் பாராமீட்டர் போதாது, டேக்கில் வராது, ஷேர்டாகவே இருக்க வேண்டும். அதே பாராமீட்டரை ரூம் டேக் ஃபேமிலியின் லேபிளிலும் சேருங்கள். லேபிளில் யூனிட்டை மீட்டருக்கும் மூன்று தசமத்துக்கும் மாற்றுங்கள். நேர்மதிப்புக்குக் கூட்டல் குறி காட்டும் தேர்வு அங்கேயே இருக்கிறது. பிரிஃபிக்ஸில் கூட்டல் குறியைத் தட்டிவிடாதீர்கள், −0.255 வரும்போது +−0.255 என்று அசிங்கமாக நிற்கும்.

அப்புறம் டைனமோ, ரெவிட்டுக்குள் கிராஃப் என்ற சின்ன நிரல் எழுதும் கருவி. எல்லா ரூம்களையும் எடு, ஒவ்வொன்றின் லெவலை எடு, லெவல் எலிவேஷனை எடு, அறை_எஃப்எஃப்எல்லில் எழுது. சின்ன கிராஃப், கால் மணி நேர வேலை. லெவல் மாறினால் மறுபடி ரன் கொடுங்கள், முடிந்தது.

மட்டக்கோல்

> லெவல் எலிவேஷனை எடு, அறை_எஃப்எஃப்எல்லில் எழுது

அவர் கேள்வியை மறுபடி படியுங்கள் தம்பி. மண்டபம், கால் கழுவும் இடம், கழிப்பறை, கருவறை, மேடை எல்லாம் ஒரே லெவலில்தான் இருக்கின்றன. புளோருக்கு மட்டும் ஹைட் ஆஃப்செட், அதாவது லெவலிலிருந்து ஏற்ற இறக்கம், கொடுத்திருப்பார். உங்கள் கிராஃப் ஐந்துக்கும் 0.000 என்று எழுதும். மண்டபமும் கார் நிறுத்துமிடமும்தான் சரியாக வரும்.

வெற்று டேக்கால் யாருக்கும் கெடுதல் இல்லை, சைட்டில் இருப்பவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். தப்பான எண் மூன்று தசமத்தோடு அழகாக அச்சாகி நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள், அப்படியே கட்டிவிடுவார்கள். கருவறையும் மண்டபமும் ஒரே மட்டம் என்று ஒரு தாள் வெளியே போனால் கமிட்டிக்கும் ஸ்தபதிக்கும் யார் பதில் சொல்வது?

டைனமோ_மச்சான்

நியாயம். ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு லெவல் போட்டால்தான் அந்த கிராஃப் சரிப்படும். கால் கழுவும் இடத்துக்கெல்லாம் லெவல் போட்டால் பிரவுசர் குப்பையாகிவிடும், அதையும் நான் சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் லெவலைக் கேட்காமல் புளோரையே கேட்போம். டைனமோவில் ரே பவுன்ஸ் என்று ஒரு நோட், அதாவது கிராஃபில் வைக்கும் கட்டளைக் கட்டம், இருக்கிறது. ரூமின் இடப்புள்ளியை எடுத்து ஒரு மீட்டர் மேலே தூக்குங்கள், அங்கிருந்து நேர் கீழே ஒரு கதிர் விடுங்கள், பவுன்ஸ் 1. கதிர் எங்கே முட்டுகிறதோ அந்தப் புள்ளியின் உயரம், அதாவது இசட்தான், தரைமட்டம். பட்டியலில் கடைசிப் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட் ஒரு 3டி வியூ கேட்கும். இதற்கென்றே ஒரு வியூ உருவாக்கி, புளோர் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கதிர் நாற்காலியில் முட்டும். மண்டபம் என்கிறீர்கள், நாற்காலிக்குப் பஞ்சமிருக்காது. மேடை +0.680 என்பதால் ஒரு மீட்டர் தூக்கினால் போதும். அதைவிட உயரமாக ஏதாவது வந்தால் இன்னும் தூக்குங்கள். இடப்புள்ளி என்பது ரூமின் குறுக்குக் கோடுகள் சந்திக்கிற இடம், டேக் இருக்கிற இடம் இல்லை. கருவறை ரூமின் புள்ளி தவறிப்போய் பக்கத்துப் படிக்கு மேல் இருந்தால் படியருகே உள்ள புளோரின் உயரம் வரும். ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

லெனேசியா_வரைவு

ஜோபர்க்கிலிருந்து ஒரு குரல். நான் ஆர்க்கிகேட் என்ற இன்னொரு மென்பொருள் ஆள். அங்கும் கதை இதேதான். அறையைக் குறிக்கும் ஜோனுக்கென்று ஓர் உயரம் உண்டு, தரையான ஸ்லாபுக்கென்று ஓர் உயரம் உண்டு, ஸ்லாபை இறக்கினால் ஜோன் தானாக இறங்காது. பிளானில் லெவல் டைமென்ஷன் கருவியை ஸ்லாப் மேல் வைத்தால் ஸ்லாபின் உயரத்தைப் படிக்கும், ஜோனின் சீட்டான ஸ்டாம்புக்குக் கீழே வைத்துவிடுவேன். 22ஆம் பதிப்பில் சூத்திரம் எழுதக்கூடிய பிராப்பர்ட்டி வந்தபிறகு ஜோனின் உயரத்தை வைத்து எழுத்தாக்கி ஸ்டாம்பில் காட்டவும் முடிகிறது, ஜோனைச் சரியாக வைத்திருந்தால்.

மென்பொருள் எதுவானாலும் இந்தப் பிரிவினை வேண்டும் என்று மென்பொருள்கள் மாடலைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவமான ஐஎஃப்சியை வகுத்தவர்களே நினைத்திருக்கிறார்கள். மாடிக்கு எலிவேஷன் என்று ஒரு குணம், அறைக்கு எலிவேஷன் வித் ஃபுளோரிங் என்று தனியாக இன்னொரு குணம். தரை சரிவாக இருந்தால் சராசரியை எடு என்றும் விளக்கத்தில் எழுதியிருக்கிறது. மாடியின் உயரமே அறையின் தரைமட்டம் என்றால் இரண்டாவது குணத்துக்கு வேலையே இல்லை. மட்டக்கோல் ஐயா பக்கம்தான் நான்.

பீனிக்ஸ்_எல்டி

நான் பயன்படுத்துவது ரெவிட் எல்டி, ரெவிட்டின் சுருக்கப் பதிப்பு. ரேண்டில் முழு ரெவிட்டின் சந்தாவைப் பார்த்தால் தலை சுற்றும், தனியாக வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது. எல்டியில் டைனமோ கிடையாது, ஆட்-இன்னும் ஓடாது. அதனால் டைனமோ தம்பி இரண்டு பதிவாக எழுதியது எனக்கு உதவாது. ஆனால் இந்த இழையில் யாருமே சொல்லாத சுலபமான வழி ஒன்று இருக்கிறது.

புளோர் டேக். புளோருக்கு எலிவேஷன் அட் டாப் என்று படிக்க மட்டும் முடிகிற ஒரு பாராமீட்டர் இருக்கிறது. டேக் போடுவதற்காகவே வைத்திருக்கிறார்கள். புதிதாக ஒரு புளோர் டேக் ஃபேமிலி செய்து, லேபிளில் அந்த ஒன்றை மட்டும் வைத்து, எழுத்துருவும் அளவும் ரூம் டேக்கோடு ஒத்துப்போகிற மாதிரி அமைத்துவிடுங்கள். ரூம் டேக்குக்கு நேர் கீழே வைத்தால் நாலாவது வரி தயார். ஆஃப்செட்டை மாற்றினால் எண் அந்த நொடியே மாறும். ரன் கொடுக்க வேண்டாம், யாரும் மறக்கவும் முடியாது.

குறை என்ன என்றால், ஒரே புளோர் ஆறு அறைகளுக்கு அடியில் ஓடினால் எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் டேக் போடும் டேக் ஆல் கட்டளை ஒன்றே ஒன்றுதான் போடும். மீதி ஐந்தையும் கையால் வைக்க வேண்டும். எண் சரியாகத்தான் வரும், உழைப்புதான் கொஞ்சம். பிளானில் இரண்டு டேக்குகள் இருப்பதால் ஒன்றை நகர்த்தினால் மற்றது கூட வராது. நகர்த்தும்போது இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள்.

ரூம் ஷெட்யூலில் இந்த எண் வராது என்பதும் உண்மை. முடிப்புப் பட்டியலில் மட்டம் வேண்டும் என்று யாராவது கேட்டால் மச்சான் வழிதான்.

சாட்ஸ்வொர்த்_கோடு

அக்கா, இது நன்றாக இருக்கிறது. இப்போதே மேடைக்கு வைத்துப் பார்த்தேன், +0.680 என்று வந்தது. 0.595க்கு இறக்கினேன், கண்முன்னாலேயே மாறிவிட்டது.

சைட்_மேஸ்திரி

வரைபவர்கள் எல்லோரும் பேசி முடித்தீர்களா? கட்டுகிறவன் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த 0.000 எது? ஓட்டின் மேலா, காங்கிரீட்டின் மேலா?

எஃப்எஃப்எல் என்று போட்டிருக்கிறீர்கள், சரி. நான் காங்கிரீட் ஊற்றும் நாளில் எனக்கு வேண்டியது எஸ்எஸ்எல், அதாவது காங்கிரீட்டின் மேல்மட்டம். இடையில் சாந்துப்பூச்சு எவ்வளவு, ஓடு எவ்வளவு, கழிப்பறையில் நீர்காப்பு எவ்வளவு என்று யார் கழிப்பது? கருவறையில் கருங்கல் பதிக்கிறார்கள், அது ஓட்டை மாதிரி 10 மி.மீ இல்லை. மண்டபத்துக்கும் கருவறைக்கும் ஒரே கழிவைப் போட்டால் கடைசியில் படியின் உயரம் மாறிப்போகும். மூன்று படி, ஒவ்வொன்றும் 170 என்று கணக்கு. முதல் படி 150, கடைசிப் படி 190 என்று வந்தால் பாட்டி ஒருத்தி தடுக்கி விழுவாள். ஒவ்வொரு படியும் 200க்குள்தானே இருக்கிறது என்று அப்போது சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

பீனிக்ஸ்_எல்டி

மேஸ்திரி அண்ணன் சொல்வது சரி. அதனால்தான் நான் இரண்டு புளோராக வரைவேன். காங்கிரீட் ஒன்று, அதன் மேல் சாந்தும் ஓடும் சேர்ந்த முடிப்பு இன்னொன்று, அறைக்கு அறை தனித்தனியாக. பிளானில் மேலே தெரிவது முடிப்பு, அதில் டேக் வைத்தால் எஃப்எஃப்எல். பொறியாளர் தாளுக்கான வியூவில் முடிப்பை அணைத்துவிட்டு காங்கிரீட்டில் டேக் வைத்தால் எஸ்எஸ்எல். ஒரு தாளில் இரண்டும் வேண்டும் என்றால் டேப் சாவியால் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்து இரண்டு டேக் வைக்கலாம்.

அறைக்கு அறை முடிப்பைப் பிரித்துவிட்டால் நான் முதலில் சொன்ன குறையும் போய்விடும். ஓர் அறைக்கு ஒரு புளோர், ஆகவே டேக் ஆல் எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டுவிடும்.

டைனமோ_மச்சான்

இதை நான் யோசிக்கவில்லை அக்கா. ரே பவுன்ஸுக்கும் இதுதான் நல்லது. பொறியாளரின் தளம் லிங்க் செய்த வேறு கோப்பில் இருந்தாலும் முடிப்பு நம்முடைய கோப்பிலேயே இருக்கும், கதிர் அதைத்தான் முட்டும்.

லோ31

நில அளவை செய்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. எல்லோரும் 0.000 என்று பேசுகிறீர்கள். அது கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு?

நான் தருகிற அளவுப்படத்தில் உயரங்கள் கடல்மட்டத்திலிருந்து இருக்கும், ஆயங்கள் தென்னாப்பிரிக்காவின் ஹார்ட்டபீஸ்ட்ஹூக்94 அளவை முறையில், டர்பனுக்கு 31 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை நடுவாகக் கொண்ட லோ31. ஒய் மேற்கே கூடும், எக்ஸ் தெற்கே கூடும், அதனால் அதை ரெவிட்டில் கொண்டுவரும்போதே பாதிப் பேர் தலைகீழாகத் திரும்பிவிடுகிறார்கள், அது வேறு இழைக்கான விஷயம். மட்டத்துக்கு வருவோம். மண்டபத்தின் 0.000 கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பது வரைபடத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்க வேண்டும். இயற்கை நிலமட்டக் கோடுகள் எல்லாம் அந்த அளவில்தான் இருக்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு மனையின் கீழ்ப்பக்கத்துக் கார் நிறுத்துமிடம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று இந்தப் பக்கத்தில் யாரும் சும்மா கேட்பதில்லை.

ரெவிட்டில் கவனிக்க வேண்டியது: ஸ்பாட் எலிவேஷனின் டைப்பில் எலிவேஷன் ஆரிஜின், அதாவது எங்கிருந்து அளப்பது என்ற தேர்வு, உண்டு. புராஜெக்ட் பேஸ் பாயின்ட் என்று வைத்தால் மண்டபத்திலிருந்து அளக்கும், சர்வே பாயின்ட் என்று வைத்தால் கடல்மட்டத்திலிருந்து. லெவல்களின் டைப்பிலும் இதே தேர்வு இருக்கிறது. டைனமோ தருகிற இசட் இரண்டிலிருந்தும் வராது, கோப்பின் உள் ஆரிஜினிலிருந்து வரும். பேஸ் பாயின்ட்டை யாராவது மேலே தூக்கியிருந்தால் மச்சானின் எண்ணும் ஸ்பாட் எலிவேஷனும் ஒத்துப்போகாது. ஒரு அறையில் புளோர் டேக், ஸ்பாட் எலிவேஷன், டைனமோ எண் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

மட்டக்கோல்

அறைச் சீட்டில் கடல்மட்டம் வேண்டாம். அறையில் மண்டபத்தை 0.000 ஆக வைத்த எண், தலைப்புக் கட்டத்தில் 0.000 = கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று ஒரே வரி. சைட் பிளானில் மட்டும் இரண்டு எண்ணும். கொத்தனாரிடம் 143.765 என்று கொடுத்தால் அவர் செங்கல் வரிசையை எப்படி எண்ணுவார்?

லோ31

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. அந்த ஒரு வரி விட்டுப்போகக் கூடாது என்பதுதான் என் பேச்சு.

சாட்ஸ்வொர்த்_கோடு

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் இது. அக்கா வழியில் முடிப்புத் தளங்களை அறைவாரியாகப் பிரித்தேன், புளோர் டேக் ஃபேமிலி செய்தேன். லோ31 அண்ணன் சொன்ன மாதிரி பக்கத்தில் ஸ்பாட் எலிவேஷன் வைத்துப் பார்த்தேன், ஒத்துப்போகிறது. டைனமோ கிராஃப் ஷெட்யூலுக்கு மட்டும்.

ஒரு லாபம் எதிர்பாராமல் கிடைத்தது. வெளி நடைபாதை −0.170, மண்டபம் 0.000. எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதும் சக்கர நாற்காலிச் சாய்தளத்தின் நீளம் கண்ணில் பட்டது. 1:12 என்றால் 2040 மி.மீ வேண்டும். வரைந்திருப்பது 1500. இப்போதே நீட்டிவிட்டேன்.

இன்னும் ஒன்று மட்டும் சிக்கல். கால் கழுவும் இடத்தின் தரை வடிகாலை நோக்கிச் சரிகிறது. சப்-எலிமென்ட், அதாவது தரையின் புள்ளிகளைத் தனியாக ஏற்றி இறக்கும் கருவி, வைத்துச் சரித்திருக்கிறேன். அங்கே டேக்கில் எண் வராமல் உயரம் மாறுகிறது என்று வருகிறது.

மட்டக்கோல்

அது சரியாகத்தான் சொல்கிறது தம்பி. சரிந்த தரைக்கு ஒரே உயரம் எப்படி இருக்கும்? அந்த அறைக்கு மட்டும் புளோர் டேக்கை எடுத்துவிட்டு இரண்டு ஸ்பாட் எலிவேஷன் வையுங்கள். வாசல் ஓரத்தில் ஒன்று, வடிகால் வாயில் ஒன்று. நடுவில் சரிவுக்கு ஒரு ஸ்பாட் ஸ்லோப் அம்பு. உங்கள் −0.255 எந்த இடத்து எண் என்றும் கமிட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாசலோர எண்ணாக இருந்தால் வடிகால் இன்னும் கீழே போகும், வெளியே போகிற குழாயின் மட்டத்தோடு சரிபார்க்க வேண்டும்.

லெனேசியா_வரைவு

ஐஎஃப்சி ஏற்றுமதி செய்வதானால் அந்த அறைக்கு மட்டும் சராசரி மட்டத்தைக் கையால் கொடுங்கள்.

சைட்_மேஸ்திரி

எழுத்து அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1.8 மி.மீயில் போடுகிறீர்கள், ஏ1 தாளை ஏ3யில் அச்சடித்து சைட்டுக்கு அனுப்புகிறார்கள். கழித்தல் குறி தெரிவதே இல்லை. குறைந்தது 2.5 வையுங்கள்.

சாட்ஸ்வொர்த்_கோடு

2.5 ஆக்கிவிட்டேன் அண்ணா. குழாய் மட்டத்தைத் திங்கட்கிழமை பிளம்பரிடம் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.